அதே பத்து சதவீதம், வேறு விடை ஏன்?

கேள்வி: நொய்யல் படுகைக்கு ஸ்வாட் (மழை, மண், நிலப் பயன்பாட்டை வைத்து ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும் கணினி மாடல்) ஓட்டுகிறேன். மழை மண்ணுக்குள் போகாமல் எவ்வளவு வழிந்தோடும் என்பதைத் தீர்மானிக்கும் சிஎன்2 மதிப்பை, நிலப் பராமரிப்பு விவரம் இருக்கும் எல்லா எம்ஜிடி ஃபைல்களிலும் 10 சதவீதம் குறைத்ததும் ஆற்று ஓட்டம் ஓரளவு ஒத்துவந்தது. சில நாள் கழித்து அதே 10 சதவீதத்தைக் குறைத்து ஓட்டினால் விடை வேறாக வருகிறது. 'புதுசு', 'கடைசி', 'கடைசி-சரியானது' என்று ஃபோல்டர்கள் குவிந்து கிடக்கின்றன. எதை நம்பறதுங்க?
– ஆராய்ச்சி மாணவி, கோவை

பதில்: இப்போதைக்கு எதையும் நம்ப வேண்டாம். மாடல் மேல் சந்தேகமும் வேண்டாம், அநேகமாக ஏற்கனவே குறைத்த எண்ணையே மறுபடி குறைத்திருக்கிறீர்கள். சிஎன்2 முதலில் 80 என்றால் 10 சதவீதம் போக 72. அதே ஃபோல்டரில் இன்னொரு தரம் ஸ்கிரிப்டை ஓட்டினால் 64.8, அதாவது மொத்தம் 19 சதவீதம் குறைந்துவிட்டது, உங்கள் நோட்டிலோ 10 என்றே இருக்கும். 000010001.எம்ஜிடி ஃபைலைத் திறந்து சிஎன்2 வரியைப் பாருங்கள், மாடலை முதன்முதலில் உருவாக்கியபோது வந்த ஃபைலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மதிப்பை நேரடியாக மாற்றிவைக்கும் முறையில் இந்தச் சிக்கல் வராது, எத்தனை தரம் செய்தாலும் அதே எண்தான். பெருக்குவதும் கூட்டுவதும்தான் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

அதனால் மாடலின் உள்ளீட்டு ஃபைல்கள் இருக்கும் மூல டெக்ஸ்ட்இன்அவுட் ஃபோல்டரை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு இனி அதில் கை வைக்காதீர்கள். மாடலை ஓட்டும் ஒவ்வொரு தரமும் அதிலிருந்து புதுக் காப்பி. எந்தப் பாராமீட்டர், பெருக்கலா கூட்டலா மாற்றலா, எவ்வளவு, எந்தத் துணைப்படுகை என்பதெல்லாம் தனியாக ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கட்டும், ஸ்கிரிப்ட் அதைப் படித்துக் காப்பியில் எழுதட்டும். ஸ்வாட்டின் மதிப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கும் ஸ்வாட்-கப் மென்பொருள் செய்வதும் இதைத்தான்: பேக்கப் ஃபோல்டரில் இருக்கும் மூல மதிப்பிலிருந்தே ஒவ்வொரு தரமும் கணக்குப் போடும், அங்கே திருத்திய ஃபைலைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் அத்தனையும் வீண். மாடலின் புதிய பதிப்பான ஸ்வாட் பிளஸ்ஸுக்கு மாறினால் கேலிபரேஷன்.கேல் என்ற ஒரே ஃபைலில் மாற்றங்களை எழுதிக்கொள்ளலாம், மூல மதிப்புகள் இருக்கும் ஃபைல்களைத் தொடவே வேண்டாம். அந்தச் சின்ன ஃபைலை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் போட்டு வைத்தால் ஃபோல்டருக்கு 'கடைசி' என்று பேர் வைக்கும் வேலையும் போச்சு.

அப்புறம், மண் விவரம் இருக்கும் எஸ்ஓஎல் ஃபைலை நோட்பேடில் ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டுத் திருத்தவே திருத்தாதீர்கள். அதில் எண்கள் குறிப்பிட்ட நெடுவரிசையில் நிற்க வேண்டும், ஒரு இடம் நகர்ந்தாலும் மாடல் எதுவும் சொல்லாமல் தப்பான எண்ணைப் படித்துவிட்டு ஓடலாம்.

நொய்யலுக்கு இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிய கவலை. மாற்றத்துக்குப் பக்கத்தில் ஏன் என்றும் ஒரு வரி எழுதுங்கள். வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை அணைக்கட்டுகள் திருப்பி பேரூர், உக்கடம், சிங்காநல்லூர் குளங்களுக்கு அனுப்புகின்றன. குளங்களை மாடலில் சேர்க்காமல் விட்டால் கீழே ஓட்டம் அதிகமாகத்தான் காட்டும், நாமும் சிஎன்2-ஐக் குறைத்துக்கொண்டே போவோம், குளம் பிடித்து வைத்த தண்ணீரையெல்லாம் மண் குடித்ததாகக் கணக்கு முடிந்துவிடும். திருப்பூருக்குக் கீழே இதற்கு நேர்மாறு: பவானிப் பக்கமிருந்து குழாயில் வரும் தண்ணீர் கழிவாக ஆற்றில் சேர்கிறது, கோடையில் அங்கே ஓடுவதை நிலத்தடி ஊற்று என்று நினைத்து நிலத்தடி நீர் மதிப்புகள் இருக்கும் ஜிடபிள்யூ ஃபைலைத் திருத்தினால் எண் பொருந்தும், ஆறு பொருந்தாது. காரணம் எழுத உட்காரும்போதே இது பிடிபட்டுவிடும்.

கேள்வி: மாற்றங்களை எக்செல்லில் குறித்து வைத்தால் போதாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: அந்த எக்செல்லையே ஸ்கிரிப்ட் படித்து ஃபைலை மாற்றுகிறது என்றால் போதும். எக்செல்லில் ஒரு தரம், ஃபைலில் ஒரு தரம் என்று கையால் அடிப்பதாக இருந்தால் போதாது. அவசரத்தில் ஃபைலை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவோம், அப்புறம் எந்த எண்ணில் அந்த விடை வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.