பறிக்காமல் என்ன பாஸ்கெட்பால்? ஒரு புது கோச்சின் கேள்விகள்

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “நான்காம் வகுப்புப் படிக்கும் மகளை ஊர் ரெக்ரியேஷன் பாஸ்கெட்பால் லீகில் சேர்த்தேன். கோச் கிடைக்கவில்லை, பெற்றோர் யாராவது வந்தால்தான் டீம் என்றார்கள். கையைத் தூக்கிவிட்டேன். திருச்சியில் படித்த நாளில் கிரிக்கெட் தவிர எதையும் தொட்டதில்லை. ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கு விதிகள் கொடுத்திருக்கிறார்கள். பிரெஸ் கூடாது, ஜோன் கூடாது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே டிரிபிள் செய்பவளிடமிருந்து அதைப் பறிக்கக் கூடாது, எல்லாரும் பாதி ஆட்டமாவது ஆட வேண்டும், தோடு போடக் கூடாது. பறிக்காமல் என்ன பாஸ்கெட்பால்? ஒன்பது பேரை எப்படிச் சமமாக இறக்குவது? ஒரு பெண்ணுக்குப் போன வாரம்தான் காது குத்தியிருக்கிறார்கள், அவளை என்ன செய்வது?”

முதலில் அந்த இரண்டு பக்கம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது முழு விதிப் புத்தகம் அல்ல. இங்கே ஊர் லீகுகள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எதெல்லாம் மாறும் என்பதை மட்டும் தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் இல்லாத ஒன்று ஆட்டத்தில் வந்தால் ரெஃபரி உயர்நிலைப் பள்ளி விதியைத்தான் பார்ப்பார். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே, பந்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் டிராவலிங், டிரிபிளை நிறுத்திவிட்டு மறுபடி தட்டினால் டபுள் டிரிபிள், எதிராளியின் கூடைக்குக் கீழே உள்ள கட்டத்தில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. முதல் ஆட்டத்துக்கு இவ்வளவு போதும். டிராவலிங்கை அந்த வயதில் முழுசாக ஊதினால் ஆட்டமே நடக்காது என்பது ரெஃபரிகளுக்கும் தெரியும்.

இனி பறிக்கும் விஷயம். பத்து வயதில் வேகம் கூடிய ஒருத்தி ஒவ்வொரு டீமிலும் இருப்பாள். பறிக்கலாம் என்று விட்டால் அவள் நடுக்கோட்டில் நின்று, பந்தைத் தட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொருத்தியிடமும் பிடுங்கிக்கொண்டு போய் ஆளில்லாத கூடையில் போடுவாள். ஸ்கோர் 22-2 என்று முடியும். இரண்டு தடவை பறிகொடுத்தவள் மூன்றாவது தடவை பந்தை வாங்கவே மாட்டாள். பந்து வருகிற பக்கம் பார்க்காமல் ஓரமாக ஓடுவாள். அப்பா அம்மா கண்ணுக்கு அவள் நன்றாக ஓடுவதாகத் தெரியும். விளையாட்டை விட்டு அவள் அன்றைக்கே போயாயிற்று. அந்தப் பக்கம் பிடுங்கியவளும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. எதிராளியின் இடுப்பைப் பார்த்துக் காலை நகர்த்தித் தடுப்பதுதான் டிஃபென்ஸ். அதைப் படிக்காமலே அவள் ஏழாம் வகுப்புக்குப் போய்விடுவாள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்த விதி புதிதே இல்லை. ஜேம்ஸ் நைஸ்மித் மாசச்சூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கியது 1891 டிசம்பரில். அடுத்த ஆண்டே, அதே மாநிலத்தில் ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் அதைப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். கோர்ட்டை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு நகரக் கூடாது என்றார். எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கவும் தடை. காரணம் வேறு. பெண்ணுடம்பு தாங்காது, பெண்கள் முரட்டுத்தனமாக ஆடினால் நன்றாக இருக்காது என்று அந்தக் காலம் நினைத்தது. அந்த நினைப்பு லேசில் போகவில்லை. ஐயோவா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் பக்கத்துக்கு ஆறு பேராக, நடுக்கோட்டைத் தாண்டாமல் ஆடும் ஆட்டம் 1993 வரைக்கும் இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் டீம் அம்மாக்களில் ஒருவர் நிச்சயம் கேட்பார், “பெண் பிள்ளைகள் என்பதால்தானே இத்தனை கட்டுப்பாடு?” என்று. உங்கள் லீகின் பையன்கள் பிரிவுக்குக் கொடுத்த விதிகளையும் வாங்கிப் பாருங்கள். அந்த வயதுக்கு இதே விதிகள் அங்கேயும் இருந்தால் அது வயதுக்கான விதி. ஆறாம், ஏழாம் வகுப்பு வந்ததும் கழன்றுவிடும். பெண்களுக்கு மட்டும் இருந்தால் அந்த அம்மா கேட்டது நியாயம், லீக் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேட்கலாம்.

பிரெஸ் கூடாது என்றால், பந்து கைமாறியதும் உங்கள் பெண்கள் தங்கள் பாதிக்கு ஓடிவந்துவிட வேண்டும், எதிர் டீம் நடுக்கோட்டைத் தாண்டும்வரை மறிக்கக் கூடாது. பத்து வயதுக் கையால் நாற்பது அடி தூரம் பாஸ் எறிய முடியாது. பிரெஸ் போட்டால் எதிர் டீம் பந்தை உள்ளே எடுக்கவே திணறும். ஜோன் என்றால் ஆளுக்கு ஆள் தடுக்காமல் ஆளுக்கு ஓர் இடத்தைக் காப்பது. அது கூடாது என்பதற்கும் கை பலம்தான் காரணம். அந்த வயதில் தூரத்திலிருந்து யாரும் கூடையில் போட முடியாது. ஐந்து பேரையும் கூடைக்குக் கீழே குடைபோல நிறுத்திவிட்டால் அந்த டீம் தோற்காது, யாரும் எதுவும் கற்கவும் மாட்டார்கள். அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் தொழில்முறை லீகான என்பிஏவும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டியும், 9 முதல் 11 வயதுவரை ஆளுக்கு ஆள் தடுப்பதைத்தான் சொல்கிறது.

ஆளுக்கு ஆள் என்றால் யாருக்கு யார்? பல லீகுகளில் இதற்குக் கலர் கலராகக் கைப்பட்டை கொடுப்பார்கள். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் இரண்டு டீமும் நடுக்கோட்டில் எதிரெதிரே நிற்க, கோச்சுகள் திறமைக்கு ஏற்ப ஜோடி சேர்ப்பார்கள். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். அழகான ஏற்பாடு. வளர்ந்த ஆட்கள் ஏமாற்றாத வரைக்கும். தன் டீமின் சூரப்புலிக்குச் சாதுப் பெண்ணின் கலரைக் கட்டிவிடுகிற கோச் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். சண்டை வேண்டாம், சிரித்துக்கொண்டே “இவங்க ரெண்டு பேரையும் மாத்திக்கலாமா?” என்று கேளுங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

சீசனுக்கு முந்தைய கோச்சுகள் கூட்டத்தில் மூன்று விஷயத்தைத் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிஃபென்ஸ் நடுக்கோட்டிலேயே ஆரம்பிக்கலாமா, கூடையைச் சுற்றி வளைவாக உள்ள மூன்று பாயிண்ட் கோட்டுக்கு உள்ளேதானா? ஒருத்தி தன் ஆளைத் தவறவிட்டால் இன்னொருத்தி உதவிக்குப் போகலாமா, எந்தக் கோட்டுக்குள்? கூடைக்குக் கீழே கட்டத்துக்குள் வந்தபின் பறிக்கலாமா? லீகுக்கு லீக் மாறுவது இவைதான், சனிக்கிழமை சத்தம் எழுவதும் இவற்றில்தான். பறக்கும் பாஸை மறித்துப் பிடிக்கலாம் என்று பல லீகுகள் அனுமதிக்கின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஒன்பது பேர் கணக்குக்கு வருவோம். என் மகள் ஆடிய முதல் வருடம், எந்த ஊர் என்பது வேண்டாம், கோச் மனதுக்குள்ளேயே கணக்கு வைத்திருந்தார். அவருடைய மகளும் இன்னும் மூன்று பேரும் முழு ஆட்டம். என் மகளுக்குக் கடைசி மூன்று நிமிடம். அவர் மேல் இன்றைக்குக் கோபமில்லை. கையில் தாள் இல்லாமல் நின்றால், ஆட்டச் சூட்டில் யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று எவருக்கும் தெரியாது. அதனால் பேப்பரில் எழுதுங்கள்.

ஓர் ஆட்டத்துக்கு எட்டு நிமிடக் குவார்ட்டர் நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டுங்கள், நான்கு நிமிடத்தில் எட்டு முறை கிடைக்கும். முறைக்கு ஐந்து பேர், ஆக நாற்பது இடம். ஒன்பது பேருக்கு ஆளுக்கு நான்கு போக நான்கு இடம் மிஞ்சும். பெண்களை 1 முதல் 9 வரை வரிசைப்படுத்துங்கள். முதல் முறை 1, 2, 3, 4, 5. அடுத்தது 6, 7, 8, 9, 1. அடுத்தது 2 முதல் 6. இப்படிச் சங்கிலியாகவே போங்கள். எட்டு முறை முடியும்போது 1 முதல் 4 வரை உள்ளவர்கள் ஐந்து முறையும், மற்றவர்கள் நான்கு முறையும் ஆடியிருப்பார்கள். யாரும் தொடர்ந்து இரண்டு முறை வெளியே உட்கார மாட்டார்கள். குறைந்தது பாதி ஆட்டம் என்ற விதியும் தானாகவே நிறைவேறும். அடுத்த வாரம் 5-லிருந்து தொடங்குங்கள். எட்டே பேர் வந்தால் இன்னும் சுலபம், ஆளுக்கு ஐந்து முறை. வரிசை போடும்போது ஒரே ஒரு கவனம்: நன்றாக ஆடுபவர்களை 1, 2, 3 என்று அடுத்தடுத்து வைக்காதீர்கள், ஒன்றுவிட்டு ஒன்று வையுங்கள். உங்கள் மகளை 9-இல் வைத்தால் மற்ற பெற்றோர் உங்களைப் பற்றிப் பேச எதுவும் இருக்காது. அவள் வீட்டுக்கு வந்து பேசுவாள், அது வேறு.

பந்து வாங்கும்போது வால்வு பக்கத்தில் சைஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு 27.5 அங்குலச் சுற்றளவுள்ள 5-ஆம் எண் பந்து. 28.5 அங்குலமுள்ள 6-ஆம் எண் பந்துதான் உயர்நிலைப் பள்ளிப் பெண்களிலிருந்து பெண்கள் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏ வரைக்கும். சில லீகுகள் நான்காம் வகுப்பிலேயே அதைக் கொடுப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். அண்ணன் வைத்திருக்கும் 29.5 அங்குலப் பந்தில் பழகவே வேண்டாம். சின்னக் கைக்கு அது தேங்காயைத் தூக்கி எறிவதுபோல, தோளிலிருந்து தள்ளுகிற பழக்கம் வந்துவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. மேலே சொன்ன இளையோர் வழிகாட்டி இந்த வயதுக்குக் கூடையின் உயரம் 9 அடி என்கிறது. பள்ளி ஜிம்மில் 10 அடியிலேயே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டு வாசலில் ஏற்றி இறக்கும் கூடை இருந்தால் 9-க்கு இறக்கி வையுங்கள். ஃபவுலுக்குப் பிறகு மறிப்பவர் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோ கோடு வழக்கமாக 15 அடி, சின்னப் பிள்ளைகளுக்கு 12 அடிக்குக் கொண்டுவரும் லீகுகள் உண்டு.

தோடு விஷயத்தில் ரெஃபரி விட்டுக்கொடுக்க மாட்டார், விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஒரு விரல் மாட்டினால் காது மடல் கிழியும். மேலே டேப் ஒட்டிக்கொண்டு வருவதையும் உயர்நிலைப் பள்ளி விதி ஏற்பதில்லை. காது குத்தி ஆறு வாரமாவது ஆகாமல் தோட்டைக் கழற்றினால் துளை மூடிக்கொள்ளும். அந்தப் பெண்ணின் வீட்டில் இன்றைக்கே பேசுங்கள். தோட்டைக் கழற்றுவதா, ஆறு வாரம் ஆட்டத்தை விடுவதா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கூடவே மற்ற வீடுகளுக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், காது மூக்கு குத்துவதை சீசன் முடிந்து மார்ச்சில் வைத்துக்கொள்ளலாம் என்று. வளையல், கொலுசு, மூக்குத்தி எல்லாம் வீட்டிலேயே. சாமிக் கயிறு, தாயத்து உள்ள பிள்ளை இருந்தால் முன்கூட்டியே ரெஃபரியிடம் கேளுங்கள். மதச் சின்னம் பதித்த பதக்கத்தைச் சட்டைக்குள் உடம்போடு டேப் ஒட்டி ஆட அந்த விதியில் இடமுண்டு. ஹிஜாபுக்கும் தடையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. நான்காம் வகுப்பு ஆட்டத்தில் அதிகம் நடப்பது கூடையில் போடுவது அல்ல, இரண்டு பெண்கள் ஒரே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பது. ரெஃபரி இரண்டு கட்டைவிரலையும் தூக்குவார். பந்து யாருக்கு என்பதை ஸ்கோர் மேஜையில் உள்ள அம்பு சொல்லும். ஒரு தடவை இவர்களுக்கு, அடுத்த தடவை அவர்களுக்கு. கேலரியிலிருந்து “அது நம்ம பந்து!” என்று கத்துபவர்களுக்கு இது தெரியாது, முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஊதுகிறவர் பல நேரம் பதினாறு வயது உயர்நிலைப் பள்ளி மாணவியாக இருப்பார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டு ஒரு பெண் தலைசுற்றுகிறது, கண் கூசுகிறது என்றால் அன்றைக்கு அவளுக்கு ஆட்டம் முடிந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சரியாகிவிட்டது என்று அவளே சொன்னாலும் இறக்காதீர்கள், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அடுத்த வாரமும் இல்லை. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இதற்காக நடத்தும் ‘ஹெட்ஸ் அப்’ ஆன்லைன் வகுப்பு இலவசம். நியூ ஜெர்சியில் தன்னார்வக் கோச்சுகளுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பும் உண்டு. அதை முடித்தவர்களுக்கு வழக்கு வந்தால் ஓரளவு சட்டப் பாதுகாப்புக் கிடைக்கும், தவறவிடாதீர்கள்.

அப்புறம், துணைக் கோச்சாக ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் டீமில் தனி ஆம்பளையாக நிற்பது உங்களுக்கும் நல்லதல்ல. முதலுதவிப் பையில் ஐஸ் பேக், டேப், கட்டு இவற்றோடு இரண்டு சானிட்டரி நாப்கினும் இருக்கட்டும். பத்து வயதில் தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. அது எந்தப் பையில் இருக்கிறது என்று அந்த அம்மாவே பெண்களிடம் சொல்லிவிடட்டும்.

முதல் பயிற்சியில் பாதி நேரம் சும்மா பறிக்காமல் தடுப்பதை மட்டும் பழக்குங்கள். இரண்டு பேர், ஒருத்தி டிரிபிள், இன்னொருத்தி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் மட்டும் மறிக்க வேண்டும். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அங்கே அவர்களே ஆடிக் காட்டுவார்கள்.