தேர்தல் முறையை மக்களே மாற்ற முடியுமா?

கேள்வி: எங்கள் வார்டில் பாதி வாக்குகூடப் பெறாதவர் வென்றார். இம்முறையை மக்களே வாக்களித்து மாற்றிய நாடு உண்டா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உண்டு, நியூசிலாந்து. அங்கே 1981 தேர்தலில் சோஷியல் கிரெடிட் கட்சி நூற்றுக்கு 20 வாக்குகளுக்கு மேல் பெற்றும், 92 இடங்களில் இரண்டே கிடைத்தன. 1978, 1981 இரண்டிலும் அதிக வாக்கு பெற்ற தொழிற்கட்சியோ எதிர்க்கட்சி வரிசையில்தான் அமர்ந்தது. அந்த மனக்குறை முற்றியே 1992இல் ஒரு பொது வாக்கெடுப்பும், 1993இல் முடிவான வாக்கெடுப்பும் நடந்தன. ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் மாற்றத்தை ஏற்றனர். 1996 முதல் வாக்காளர் கட்சிக்கு ஒன்று, வேட்பாளருக்கு ஒன்று என இரு குறியிடுகிறார். கட்சிக்கான குறியே அவையில் ஒவ்வொரு கட்சியின் பலத்தையும் பெரிதும் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் 2011இல் வேறொரு மாற்றத்தை மக்கள் நிராகரித்தனர்.

மக்களுக்கு யோசிக்க அவகாசம் தந்த நியூசிலாந்தின் இருபடி வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. நம் அரசியலமைப்பில் தேசியப் பொது வாக்கெடுப்புக்கு இடமில்லை. மாற்றம் நாடாளுமன்றத்தின் வழியாகவே வரவேண்டும். ஆயினும் உங்கள் கேள்வி நம் மண்ணுக்குப் புதிதன்று: நெல்லையை அடுத்த மானூரில், சபையில் யார் அமரலாம் என்ற விதிகளைப் பாண்டியர் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.