பெப்டைடு ஆராய்ச்சி என்கிறாள் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், திசுக்களைச் சீராக்கும் செயற்கைப் பெப்டைடு (புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள். அதே பெயரில் இணையத்தில் மூட்டுவலிக்கு ஊசி விற்கிறார்களே, இது நம்பகமான துறைதானா, வேலை கிடைக்குமா, படித்து முடிப்பதற்குள் வயதாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் குறிப்பிட்ட ஊசியிலுள்ள பி.பி.சி-157 (BPC-157) என்பது 15 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதற்கான ஆதாரம் பெரும்பாலும் எலிகளிடம் செய்த சோதனைகள்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மருந்தாக அங்கீகரிக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடை. வீட்டில் யாரும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த வியாபாரத்தை வைத்துத் துறையையே எடைபோடாதீர்கள்.

நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது கொலாஜன். அதன் முச்சுருள் வடிவத்தை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இன்று அதே கொலாஜனிலுள்ள 15 அமினோ அமிலத் துண்டு ஒன்றைச் செயற்கையாகச் செய்து, எலும்பு நிரப்பும் பொருளில் சேர்க்கிறார்கள். எலும்பு செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. கழுத்து முதுகெலும்பு அறுவைசிகிச்சையில் இதைப் பயன்படுத்த 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்து ராடா-16 என்ற இன்னொரு செயற்கைப் பெப்டைடு. தண்ணீர் போன்ற இந்தத் திரவம் ரத்தத்தைத் தொட்டதும் தானாகவே ஜெல்லாகி, கசிவை அடைக்கிறது. எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள் இப்போது இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இன்று பெப்டைடு செய்யும் முறையை 1963-இல் அமெரிக்க வேதியியலாளர் மெர்ரிஃபீல்டு வெளியிட்டார். 1984-இல் நோபல் பரிசு பெற்றார். முதல் அமினோ அமிலத்தை ரெசின் என்ற பிசின் மணியில் கட்டிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கழுவிவிடுவது. பூத்தொடுப்பது மாதிரி எளிதாகத் தெரியும். ஆனால் எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் டெரிபாரடைடு 34 அமினோ அமிலங்கள் கொண்டது. ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் சரியாக நடந்தாலும், 33 இணைப்புகள் முடியும்போது முழுமையான சங்கிலி சுமார் 72 சதவீதம்தான். மீதியெல்லாம் ஓரிரு அமிலம் விட்டுப்போன கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கழிவு. அதைப் பிரித்தெடுத்து, சுத்தம் என்று நிரூபிப்பதில்தான் திறமை இருக்கிறது. கலவையைப் பிரிக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவியும், மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் கைவந்த ஒருவருக்கு, திசு ஆராய்ச்சியே அமையாவிட்டாலும், நீரிழிவுக்கான பெப்டைடு மருந்து செய்யும் ஹைதராபாத், மும்பைப் பகுதி நிறுவனங்களில் இடமுண்டு. முனைவர் பட்டம் இல்லாமலேயே சேரலாம்.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: 'ரீஜெனரேட்டிவ் மெடிசின்' (திசுச் சீரமைப்பு மருத்துவம்) என்று கவர்ச்சியாகப் பெயர் வைத்த முதுநிலைப் படிப்புக்குப் பெரிய கட்டணம் கட்டிச் சேர்க்காதீர்கள். எம்.எஸ்சி. வேதியியலே படிக்கட்டும். செல் உயிரியலை அப்புறம் ஆய்வகத்தில் கற்றுக்கொள்ளலாம். கரிம வேதியியலில் அடித்தளம் இல்லாமல் பிறகு ஈடுகட்டுவது கடினம். எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் ஐ.ஐ.டி.களிலும், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யிலும் சேரலாம். கிடைக்காவிட்டால் நல்ல ஆய்வகம் உள்ள பல்கலைக்கழகம் போதும்.

வயது பற்றிய கவலை நியாயமானதுதான். முனைவர் பட்டம் முடிக்க 27, 28 வயதாகும். ஆனால் அது சம்பாதிக்காத காலம் அல்ல. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அதற்குப் பிறகும் நிரந்தர ஆராய்ச்சி வேலைக்குப் போட்டி கடுமை; அதை மகளிடம் மறைக்க வேண்டாம். எம்.எஸ்சி. முடித்ததும் நிறுத்திக்கொள்ள அவளுக்கு வழி திறந்தே இருக்கிறது.

மேற்படிப்பில் ஒரு கோடை விடுமுறையாவது ஆய்வகத்தில் கழிக்கட்டும். சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கொலாஜன் ஆராய்ச்சி நடக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உடலில் பொருத்தும் உயிர்ப்பொருள்கள் பற்றிய ஆராய்ச்சி உண்டு. அங்குள்ள பேராசிரியர்களுக்கு, அவர்களுடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, அவளே மின்னஞ்சல் எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.