எஸ்பி1 பட்டை தெரியாததற்குக் காரணம் இடிடிஏ ஆக இருக்கலாம்

வணக்கம். புரதம் டிஎன்ஏ-வைப் பிடித்தால் ஜெல்லில் தனிப் பட்டையாகத் தெரியும் சோதனையில், ஒரே ஹீலா செல் (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித செல் வகை) சாற்றில் ஆக்ட்-1 புரதம் டிஎன்ஏ-வைப் பிடித்ததைக் காட்டும் பட்டை தெளிவாகத் தெரிகிறது, ஜிசி பெட்டி என்ற டிஎன்ஏ வரிசையைப் பற்றவேண்டிய எஸ்பி1 புரதத்துக்கு மட்டும் பட்டையே இல்லை, பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்) உலோக அயனிகளைக் கவரும் இடிடிஏ 5 மில்லிமோலார் உள்ளது என்று எழுதியிருந்தீர்கள். என் கணிப்பில் குற்றவாளி அந்த இடிடிஏதான்.

எஸ்பி1 மூன்று துத்தநாக விரல்களால் (துத்தநாகத்தைச் சுற்றி மடிந்த, விரல் போன்ற புரதப் பகுதிகளால்) டிஎன்ஏ சுருளின் பெரும்பள்ளத்தைப் பற்றுகிறது. ஒவ்வொரு விரலிலும் இரண்டு சிஸ்டீன், இரண்டு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருப்பதால்தான் அதன் மடிப்பு நிலைக்கிறது. அயனியை இடிடிஏ கவர்ந்துகொண்டால் விரல் குலைந்துவிடும். ஆக்ட்-1 பற்றுவதோ துத்தநாகம் தேவைப்படாத பகுதியால். ஆகவே அது தப்பிக்கிறது. ஹீலா சாற்றில் இந்த வேறுபாடு 1988-லேயே காட்டப்பட்டது. பஃபரில் மக்னீசியமும் சேர்த்திருந்தால்கூட அது உங்களைக் காப்பாற்றாது, ஏனெனில் இடிடிஏ துத்தநாகத்தை அதைவிடப் பல கோடி மடங்கு இறுக்கமாகப் பிணைக்கும்.

எனவே, சாற்றை முதலில் இடிடிஏ இல்லாத பஃபரில் டயாலிசிஸ் செய்து (சிறு மூலக்கூறுகள் மட்டும் வெளியேறும் சவ்வுப் பையில் வைத்து இடிடிஏவை நீக்கி), பிறகு இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் 10 மைக்ரோமோலார் துத்தநாக சல்பேட் சேர்த்து, இரண்டையும் ஒரே ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். டயாலிசிஸ் செய்யாமல் துத்தநாகத்தை ஊற்றினால் இடிடிஏ அதையும் விழுங்கிவிடும். அளவுக்கு மீறினாலோ துத்தநாகமே பிணைப்பைக் கெடுக்கும். சிஸ்டீன்கள் ஆக்சிஜனேற்றம் அடையாதிருக்க டிடிடி என்ற ஒடுக்கும் பொருளைப் புதிதாகக் கரைத்துச் சேருங்கள். பட்டை வந்தால், போட்டியாகக் குறியிடாத ஜிசி பெட்டித் துண்டைச் சேர்த்து பட்டை மறைகிறதா என்றும் சரிபாருங்கள்.