எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் வாசிக்க வராது

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: மகன் தமிழ் மூலம் தரம் 2. எழுத்து அட்டையைக் காட்டினால் கடகடவென்று சொல்கிறான், பாடப்புத்தகத்தையும் வாசிக்கிறான், ஆனால் புதிதாக ஒரு வரியைக் கொடுத்தால் 'தெரியாது' என்று புத்தகத்தை மூடிவிடுகிறான். வகுப்பு ரீச்சர் இன்னும் எழுதிப் பழக்கச் சொல்கிறா, கணவர் ரியூசனுக்கு விடுவோம் என்கிறார். என்ன செய்யலாம்?

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பாடப்புத்தகத்தில் அவன் வடிவாக வாசிக்கும் பக்கத்தை எடுத்து, படத்தைக் கையால் மூடிவிட்டு, கடைசி வரியிலிருந்து மேலே வரச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன' என்று கேளுங்கள். தடுமாறினால் அவன் வாசிக்கவில்லை, வகுப்பில் எல்லாரோடும் சேர்ந்து சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியதை ஒப்புவிக்கிறான். இதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள், ஞாபகசக்தி நல்ல பிள்ளைகள்தான் இப்படி ஒருவருக்கும் பிடிபடாமல் தரம் 3 வரை வந்துவிடுவார்கள்.

அவனுக்கு எழுத்து தெரியும், சேர்க்கத்தான் தெரியாது. அதற்குப் பாதிக் காரணம் நாங்கள் எழுத்துக்கு வைத்திருக்கும் பெயர்கள். 'இப், இட், இம்' என்று பழகிய பிள்ளை 'பட்டம்' என்பதைக் கூட்டும்போது அந்த 'இ' விடாமல் ஒட்டிக்கொண்டு வரும், 'ப, இட், ட, இம்' என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான். பெயரை விட்டுவிட்டு ஓசையைச் சொல்லுங்கள், விரலைச் சொல்லுக்குக் கீழே மெதுவாக இழுத்தபடி, நடுவில் மூச்சு விடாமல்: பட்...டம்.

மற்றப் பாதி அந்த 247. அட்டையில் 247 பெட்டி இருக்கிறதே தவிர, பிள்ளை பழக வேண்டியது 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், 11 குறி, ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனால் நாங்கள் க, கா, கி, கீ என்று குறுக்கே ஓட விடுவதால் அது பாட்டாகிவிடுகிறது, குறி எதுவென்று கண் பார்ப்பதே இல்லை. நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்த முதல் சில வருடங்கள் இதைத்தான் செய்தேன், கொப்பி கொப்பியாக எழுதவும் வைத்தேன், கையெழுத்து அழகானதுதான் மிச்சம். அதனால் ரீச்சர் சொன்ன 'இன்னும் எழுதுங்கள்' இப்போதைக்கு வேண்டாம்.

நெடுக்கே போங்கள். ஒரு கிழமைக்கு ஒரே குறி: கா, பா, மா, தா, வா. உடனே சொல்லுக்குப் போய்விடுங்கள்: கல், கால். பல், பால். மடு, மாடு. படம், பாடம். ஒரு குறி வந்தால் சொல்லே மாறுகிறது என்பது பிடிபடும் அன்று அவன் தானாகவே சிரிப்பான். அப்புறம் புள்ளி: பாடு, பாட்டு. உகரமும் ஊகாரமும் கடைசியில், ஏனென்றால் கு, சு, மு என்று எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். கெ, கே, கை இன்னொரு தலையிடி: குறி முன்னால் நிற்கும், ஓசை பின்னால் வரும். கொம்பைக் கண்டதும் நின்று, அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் பழக்குங்கள்.

'தங்கம்', 'மகன்', 'கப்பல்' மூன்றிலும் ஒரே க, ஓசை மூன்று. விதி சொல்லி விளங்கப்படுத்தப் போகாதீர்கள். அவன் முதலில் பிழையாகச் சொன்னாலும் தெரிந்த சொல் என்றால் அடுத்த நொடியே தானே திருத்திக்கொள்வான், அந்த ஒரு நொடி பொறுக்கத்தான் எங்களுக்கு வராது.

இன்னொன்று. புத்தகத்தில் 'இருக்கிறது' என்றிருப்பதை 'இருக்கு' என்று வாசித்தால் ஏசாதீர்கள், விளங்கித்தான் வாசிக்கிறான், 'வடிவாப் பார், இன்னும் எழுத்து இருக்கு' என்றால் போதும். படத்தைப் பார்த்து 'முயல்' என்பதை 'பூனை' என்றால்தான் திருத்த வேண்டும். வீட்டில் பேசுவதற்கும் புத்தகத்துக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால், அவன் சொல்வதை அப்படியே நீங்கள் எழுதி அவனிடமே வாசிக்கக் கொடுங்கள். 'நேற்று அம்மம்மா பாண் வாங்கினா' போதும்.

ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம், சாப்பாட்டுக்கு முன்னர், தினமும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைப்பதில் பயனில்லை. காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடைப் பெயர்ப் பலகை இருக்கிறது, பக்கத்திலேயே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, புத்தகத்தை அவனே தெரிவு செய்யட்டும், மெல்லியதாக இருந்தாலும் பரவாயில்லை. இரவில் நீங்கள் வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், அது பாடமில்லை.

ரீச்சரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அடுத்த கிழமை எந்தப் பக்கம்? முன்கூட்டியே வீட்டில் பார்த்துவிட்டுப் போனால் எல்லாருக்கும் முன்னால் எழுப்பி வாசிக்கச் சொல்லும்போது கால் நடுங்காது.

ரியூசனை ஒரு தவணை தள்ளிப் போடுங்கள், நாற்பது பேர் இருக்கும் ரியூசனில் இதே கோரஸ்தான் நடக்கும். மூன்று, நான்கு மாதம் விடாமல் செய்தும் இரண்டெழுத்துச் சொல்லே கூடவில்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள், பிறகு குடும்ப டொக்டரிடம் சொல்லி பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்குங்கள். வாசிப்பில் மட்டும் சிரமம் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர், அதற்கென்று படிப்பிக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் ண, ன மாறுவதையோ எழுத்தைத் திருப்பிப் போடுவதையோ வைத்து இந்த வயதில் பயப்பட வேண்டாம்.