பதினொன்றாவது வரியில் சிவில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 176. சிவில் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள். எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சரியென்று படுகிறது. சிவிலுக்கு இனி வேலை இருக்குமா? கவுன்சலிங்குக்கான சாய்ஸ் பட்டியலில் முதல் பத்தும் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்குக் கீழே அவளுக்காகச் சிவில் என்று எழுதிவைத்திருக்கிறேன். சரிதானே?

ஒரு தந்தை, தருமபுரி

அன்புள்ள ஐயா,

நான்கு வருடம் கழித்து எந்தத் துறையில் வேலை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை விடுங்கள். 'அவளுக்காகச் சிவில்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. ஒவ்வொரு கவுன்சலிங்கிலும் வீடுகளில் இதுவே நடக்கிறது.

கணினி ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் எந்த வரியில் இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். உங்கள் பத்தில் ஒன்று கிடைத்தால் போதும், பதினொன்றாவது வரியை அது தொடவே தொடாது. 'அப்வர்டு', அதாவது இன்னும் நல்லது கிடைக்குமா என்று, கேட்டாலும் கிடைத்ததற்கு மேலே உள்ள வரிகளுக்குத்தான் போகமுடியும், கீழே இறங்க வழியில்லை. மகளுக்கு இடம் விட்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். விடவில்லை ஐயா. அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று. போன வருடம் 185 கட்-ஆஃபில் முடிந்த கல்லூரி நமக்கு எட்டாது என்று அதைக் கீழே தள்ளாதீர்கள். ஆசைப்பட்டது மேலேயே இருக்கட்டும். கிடைக்காவிட்டால் கணினி அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். அதனால் எந்த வாய்ப்பும் குறையாது. ஆனால் பிடிக்காத ஒன்றை எண்பதாவது வரியில்கூட எழுதாதீர்கள். அதுவே கிடைத்துவிடலாம்.

உங்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. உங்கள் சமூகப் பிரிவுக்குப் போன வருடம் எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பாருங்கள். பஸ் தூரம், ஹாஸ்டல் செலவு, முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் உங்கள் பொறுப்பு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை எடுத்து, சிவிலில் சர்வேயிங்கையும் கம்ப்யூட்டரில் டேட்டா ஸ்ட்ரக்சரையும் அவளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சிவில் என்றால் சிவில்தான்.

நெட் சென்டர்காரரிடமோ, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வரும் கல்லூரி ஆளிடமோ பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கடைசி நாள் மாலைவரை இழுக்கவும் வேண்டாம்.

வரிசையை அவளே போடட்டும். ஓடிபி உங்கள் போனுக்கு வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்கள்.