பேட்டரியை இணைக்கும் நேரம்: மின்சார மாடல் விமானங்கள் குறித்த கேள்வி-பதில்

ரேடியோவால் இயக்கப்படும் மின்சார விமானங்களைப் பற்றி வாசகர்கள் கேட்பவற்றில் பெரும்பகுதி பறத்தலைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆனால் ப்ரொப்பெல்லரால் கையில் காயம் ஏற்படுவது விமானம் தரையிலோ மேசையிலோ இருக்கும்போதுதான். ஆகவே இம்முறை பேட்டரியை இணைப்பது தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்வதா, விமானத்தில் பேட்டரியை இணைப்பதா? வரிசை மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

கையில் வைத்து இயக்கும் ரேடியோ கருவியான டிரான்ஸ்மிட்டர்தான் முதலில். அதை ஆன் செய்ததும் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் குச்சி முழுவதும் கீழே இருக்கிறதா, குச்சி எங்கிருந்தாலும் மோட்டாரை ஓடவிடாத த்ராட்டில் கட் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா, திரையில் தெரியும் மாடலின் பெயர் எதிரே இருக்கும் விமானத்துக்கு உரியதுதானா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, அதன் பிறகே பேட்டரியைத் தொட வேண்டும். பறந்து முடித்த பின் வரிசை தலைகீழாகும்: பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும்.

விமானத்தில் உள்ள ரிசீவருக்கு மின்சாரம் கிடைத்துக்கொண்டிருக்கும் எந்த நேரத்திலும் அதற்கு ஆணையிடும் டிரான்ஸ்மிட்டர் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. பழைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் டிரான்ஸ்மிட்டர் இல்லாதபோது சுற்றுப்புறத்து ரேடியோ இரைச்சலையே ஆணையாக எடுத்துக்கொண்டு சர்வோக்களை (சிறகிலும் வாலிலும் உள்ள அசையும் பகுதிகளை இயக்கும் சிறு மோட்டார்களை) துடிக்க வைக்கும், மோட்டாரையும் சுழற்றிவிடக்கூடும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்கள் தம்மோடு பைண்ட் செய்யப்பட்ட, அதாவது ஜோடி சேர்க்கப்பட்ட, டிரான்ஸ்மிட்டரை மட்டுமே ஏற்பதால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றாலும், ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் ரிசீவர் தானாக இடும் ஆணை) தவறாக அமைந்த விமானத்தில், டிரான்ஸ்மிட்டரை முதலில் அணைத்த மாத்திரத்தில் மோட்டார் ஓடத் தொடங்குவது இன்றும் நடக்கக்கூடியதே.

கேள்வி: பேட்டரியை இணைக்கும்போது விமானத்தை எப்படிப் பிடிப்பது? என்னுடையது ஒரு மீட்டர் சிறகுள்ள சிறிய ஃபோம் விமானம்தான். இவ்வளவு எச்சரிக்கை தேவையா?

தேவை. 10 அங்குல ப்ரொப்பெல்லர் ஒன்று நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழன்றால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 380 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஃபோம் விமானத்தின் எடை குறைவாக இருப்பதால் விரலில் படும் அடி குறைந்துவிடுவதில்லை. எரிபொருள் எஞ்சினின் ப்ரொப்பெல்லர் எதிலாவது மோதினால் எஞ்சின் பெரும்பாலும் நின்றுவிடும். மின் மோட்டார் அப்படியல்ல. தடை கூடக்கூட அது அதிக ஆம்பியரை இழுத்துக்கொண்டு மேலும் விசையோடு சுழலவே முயலும். அதனால்தான் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வெட்டு விழுகிறது.

விமானத்தின் மூக்கு ஆட்கள் இல்லாத திசையை நோக்கியும் வால் உங்கள் பக்கமும் இருக்க வேண்டும். சிறகுக்குப் பின்னால் மண்டியிட்டு, ஒரு கையால் சிறகை ஒட்டிய உடற்பகுதியை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அல்லது வேறொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்மிட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டபடி குனியக் கூடாது. அதன் பட்டை ப்ரொப்பெல்லரில் சிக்கலாம், குச்சி உடையில் பட்டு நகரலாம். டிரான்ஸ்மிட்டர் கைக்கெட்டும் இடத்தில், சாய்ந்து விழாதபடி படுக்கையாக இருக்கட்டும்.

பல ஃபோம் விமானங்களில் பேட்டரி அறையின் மூடி ப்ரொப்பெல்லருக்கு ஒரு சாண் பின்னால்தான் இருக்கிறது. முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ கையை நீட்டினால் முழங்கை ப்ரொப்பெல்லரின் சுழல்தளத்தைக் கடந்துவிடும். எனவே கை எப்போதும் பின்னாலிருந்து, சிறகுக்கு மேலாக வர வேண்டும். பேட்டரி வயரும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியான இ.எஸ்.சி.யின் வயரும் மூடிக்கு வெளியே வரும் அளவு நீளமாக இருந்தால், கனெக்டரை வெளியே வைத்தே இணைத்துவிட்டு வயரை உள்ளே மடித்து விடலாம். இணைத்த பின் மூடியைச் சாத்தும் வேளையில்தான் கவனம் தளர்கிறது. அதற்குள் மோட்டார் தயார் நிலைக்கு வந்துவிட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ப்ரொப்பெல்லர் பின்னால் இருக்கும் புஷர் வகை விமானமானால், மேலே சொன்ன திசைகளையெல்லாம் மாற்றிக்கொண்டு முன்பக்கம் நின்று இணைக்க வேண்டும்.

கேள்வி: குச்சி கீழே இருந்தபோது மோட்டார் தயாராகவில்லை. சற்று மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன். குச்சியைக் கீழே கொண்டுவந்ததும் முழு வேகத்தில் சுழன்றது. இ.எஸ்.சி. பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டில் சேனல் தலைகீழாக இருக்கிறது என்பதற்கான தெளிவான அடையாளம் இது.

ரிசீவர் இ.எஸ்.சி.க்கு அனுப்புவது ஒரு துடிப்பு. அதன் அகலம் சுமார் 1 மில்லிவினாடியாக இருந்தால் மோட்டார் நிற்க வேண்டும் என்றும், 2 மில்லிவினாடியை நெருங்கினால் முழு வேகம் என்றும் பொருள். சேனல் தலைகீழாக இருக்கும்போது குச்சியின் அடிநிலை இ.எஸ்.சி.க்கு முழு வேகமாகத் தெரிகிறது. ஆகவே அது பாதுகாப்பு கருதித் தயாராக மறுக்கிறது, அல்லது தன் அமைப்புகளை மாற்றுவதற்கான முறைக்குள் நுழைந்துவிடுகிறது. நீங்கள் குச்சியை மேலே தள்ளியபோது அதற்குத் தேவையான ‘நிறுத்த’ ஆணை கிடைத்து, அது தயாராகிவிட்டது. பிறகு பாதுகாப்பு என்று நினைத்துக் குச்சியைக் கீழே இறக்கினீர்கள். அதையே அது முழு வேக ஆணையாகக் கொண்டது. பதறிப்போகிறவர் யாராக இருந்தாலும் குச்சியைக் கீழேதான் இழுப்பார் என்பதால், இதைவிட மோசமான கோளாறு இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் இல்லை.

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரின் சர்வோ ரிவர்ஸ் பட்டியலில் த்ராட்டில் சேனலை மாற்றுங்கள். ஃபுடாபா டிரான்ஸ்மிட்டர்களில் மின் மோட்டாருக்கு இந்தச் சேனலைப் பெரும்பாலும் ரிவர்ஸ் செய்தே ஆக வேண்டும். மாற்றிய பின் த்ராட்டில் எல்லைகளை இ.எஸ்.சி.யின் கையேட்டில் உள்ளபடி மறுபடி பதிவு செய்து, ஃபெயில்சேஃபையும் புதிதாக அமைத்து, எல்லாம் சரி என்று கண்ட பிறகே ப்ரொப்பெல்லரை மாட்டுங்கள். வேறு விமானத்தின் மாடல் நினைவகம் தேர்வாகியிருந்தாலும் இதே விளைவு வரலாம். மாடலின் பெயரைப் பார்க்கும்படி முதல் பதிலிலேயே சொன்னது அதனால்தான்.

கேள்வி: சர்வோ சரிசெய்வதற்கெல்லாமா ப்ரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும்?

ஆம். பைண்ட் செய்தல், சர்வோ அமைத்தல், மோட்டார் சுழலும் திசையைப் பார்த்தல் ஆகிய எதற்கும் ப்ரொப்பெல்லர் தேவையில்லை. திசை தவறாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ப்ரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். பேட்டரி வயர்களை மட்டும் ஒருபோதும் மாற்றி இணைக்கக் கூடாது, இ.எஸ்.சி. அந்தக் கணமே எரிந்துபோகும்.

கேள்வி: கனெக்டரைச் சேர்க்கும்போது ‘டப்’ என்ற சத்தத்துடன் தீப்பொறி வருகிறது. பேட்டரிக்கு ஆபத்தா?

இ.எஸ்.சி.யில் உள்ள கெபாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது முதல் தொடுதலில் மின்சாரத்தை மிக வேகமாக இழுக்கின்றன. பொறி அதனால் வருவது. 3 செல் பேட்டரியில் சிறு பொறி இயல்பானது. செல் எண்ணிக்கை கூடக்கூட பொறியும் பெரிதாகி, கனெக்டரின் தங்கப் பூச்சைக் கருக்கிக் குழியாக்குகிறது. குழிவிழுந்த இடத்தில் மின்தடை கூடி, பறக்கும்போது சூடேறுகிறது. 6 செல்லும் அதற்கு மேலும் பயன்படுத்துவோர், உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் பொருத்தப்பட்ட எக்ஸ்.டி.90-எஸ் போன்ற பொறி தடுக்கும் கனெக்டருக்கு மாறிவிடுவது நல்லது.

பொறிக்குப் பயந்து மெல்ல மெல்லத் தொட்டுத் தொட்டு இணைப்பது தவறு. அப்படிச் செய்தால் ரிசீவரும் இ.எஸ்.சி.யும் பாதியில் இயங்கி, அணைந்து, மீண்டும் இயங்கும். சிவப்பும் கருப்பும் சரியாக நேருக்கு நேர் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒரே அழுத்தில் முழுவதுமாக உள்ளே தள்ளுங்கள். நிலைப்படுத்தும் ஜைரோ உள்ள ரிசீவரானால், இணைத்த பின் சில வினாடிகள் விமானத்தை அசைக்காமல் வைத்திருக்கவும் வேண்டும்.

கேள்வி: ஃபெயில்சேஃப் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ப்ரொப்பெல்லரைக் கழற்றி, விமானத்தைக் கட்டி வைத்து, மோட்டாரைக் கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் ஓரிரு வினாடிகளுக்குள் நிற்க வேண்டும். முன்பு சொன்ன வரிசையை வேண்டுமென்றே மீறும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். மோட்டார் நிற்காவிட்டால், கடைசி ஆணையையே தொடரும்படி ரிசீவர் அமைந்திருக்கிறது. பல ரிசீவர்கள் பைண்ட் செய்யும்போது இருக்கும் குச்சியின் நிலையையே ஃபெயில்சேஃபாகப் பதிந்துகொள்கின்றன. எனவே த்ராட்டிலைக் கீழே வைத்து மறுபடி பைண்ட் செய்து, மீண்டும் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: பெரிய விமானங்களில் வெளியே தெரியும் சிறு பிளக் எதற்கு?

அது ஆர்மிங் பிளக். பேட்டரியின் பாசிட்டிவ் வயரைத் துண்டித்து, அந்த இடைவெளியை இணைக்கும் பிளக்கை உடற்பகுதியின் வெளிப்புறத்தில், ப்ரொப்பெல்லருக்கு எட்டாத பின்பகுதியில் அமைக்கிறார்கள். பிளக் வெளியே இருக்கும்போது பேட்டரியை நிதானமாக உள்ளே வைத்து, மூடியைச் சாத்தி, ஓடுதளத்துக்கு எடுத்துச் செல்லலாம். கிளம்பும் முன் பின்னால் நின்றபடி பிளக்கைச் செருகினால் போதும். 5, 6 செல் விமானம் வைத்திருக்கும் எவருக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

ரிசீவருக்குத் தனி பேட்டரி வைத்திருந்தால், இ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு வயரை எடுத்துவிட வேண்டும். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், அதன் பிறகு ஆர்மிங் பிளக் என்பது இணைக்கும் வரிசை. தரையிறங்கியதும் முதலில் வெளியே வர வேண்டியது அந்தப் பிளக்தான்.